கடல்நீரில் இரும்பு கரைவதைத் தீர்மானிப்பது பிஎச் மதிப்பா (அமில-காரத் தன்மையின் அளவு), கரிம ஈனிகளா (இரும்பைப் பற்றிக்கொள்ளும் கரிம மூலக்கூறுகள்)?

நெய்தல்:
கடல்நீரின் பிஎச் 8-ஐ ஒட்டியே இருப்பதால் ஃபெர்ரிக் இரும்பு (Fe³⁺) நீருடன் வினைபுரிந்து, அதாவது நீராற்பகுப்படைந்து, ஹைட்ராக்சைடாக வீழ்படிகிறது என்பதே அடிப்படையான விடை. ஆக்சிஜன் நிறைந்த வெதுவெதுப்பான மேற்பரப்பு நீரில் ஃபெர்ரஸ் இரும்பின் (Fe²⁺) பாதி சில நிமிடங்களிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஃபெர்ரிக் ஆகிவிடும்; பிஎச் ஓர் அலகு குறைந்தால் அந்த வேகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். இவ்வளவு வலுவான கட்டுப்பாடு கண்முன் இருக்க, கரிமப் பொருள்களை முன்னிறுத்துவானேன்?

சிப்பி:
நண்பரே, நீங்கள் காட்டும் வேகம் ஃபெர்ரஸ் எவ்வளவு விரைவில் ஃபெர்ரிக் ஆகும் என்பதற்கான கணக்கு; ஃபெர்ரிக் ஆனபின் அதில் எவ்வளவு கரைசலில் தங்கும் என்பதற்கு அது விடையாகாது. ஈனிகள் இல்லாவிட்டால் லிட்டருக்கு 0.1 நானோமோல் அளவுகூடத் தங்குவது கடினம். ஆழ்கடலிலோ பல இடங்களில் 0.5 நானோமோலுக்கு மேல் இருக்கிறது. 1990-களில் வந்த மின்வேதியியல் அளவீடுகள், கரைந்த இரும்பில் 99 விழுக்காட்டுக்கு மேல் கரிம ஈனிகளோடு பிணைந்து அணைவுச் சேர்மமாக இருப்பதைக் காட்டின. இரும்பைப் பிடிக்க பாக்டீரியாக்கள் வெளியிடும் சிடரோஃபோர்களும், மட்கிய உயிர்ப்பொருள்களிலிருந்து வரும் ஹியூமிக் பொருள்களும் அவற்றுள் அடங்கும்.

நெய்தல்:
0.2 மைக்ரான் வடிகட்டியைக் கடந்ததையெல்லாம் கரைந்தது என்று எண்ணிவிட்டுத்தான் அந்த விழுக்காட்டைச் சொல்கிறார்கள். அதில் ஒரு பகுதி கூழ்மம், அதாவது கரையாமல் மிதக்கும் நுண்துகள்; 0.02 மைக்ரான் வடிகட்டியில் அது சிக்கிக்கொள்ளும். மேலும், ஈனிகள் மிகுதியாக இருக்கும் நீரில் விழும் பாலைவனத் தூசியின் இரும்பிலும் பெரும்பாலும் சில விழுக்காடுதானே கரைகிறது?

அலைவாய்:
இடையில் ஒன்று. புதிதாக வீழ்படிந்த, ஒழுங்கற்ற அமைப்புள்ள ஃபெர்ரிஹைட்ரைட் என்ற இரும்புக் கனிமம் நாள்பட்டு, படிக வடிவமுள்ள கோதைட்டாக மாறினால் கரைதிறன் வெகுவாகக் குறையும். தூசித்துகளில் இருப்பது பெரும்பாலும் படிக வடிவ ஆக்சைடும் களிமண் கனிமமும் என்பதால், அதற்கு ஈனிகளைக் குறைசொல்வதில் பயனில்லை.

சிப்பி:
அதுவேதான். ஈனி உச்சவரம்பை விதிக்கிறது. அந்த வரம்பு எட்டப்படுகிறதா என்பது கனிமத்தின் தன்மையையும், மூழ்கும் துகள்கள் இரும்பை வாரிக்கொண்டு போகும் வேகத்தையும் பொறுத்தது. தென்பசிபிக்கில் கடலடி வெந்நீர் ஊற்றுகளின் இரும்பு 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் கண்டறியப்பட்டதாக 2015-இல் வெளிவந்த முடிவை, பிஎச்சை மட்டும் வைத்து விளக்கிவிட முடியுமா?

நெய்தல்:
முடியாது, ஆனால் கூழ்மமாகவே அது பயணித்திருக்கக்கூடும் என்பதை நீங்களும் ஒதுக்கிவிட முடியாது. ஈனியின் பிடிப்பிலும் பிஎச்சுக்குப் பங்குண்டு: அமிலத்தன்மை கூடும்போது, இரும்பு பற்றும் அதே இடங்களுக்கு ஹைட்ரஜன் அயனிகள் போட்டியிடுகின்றன. இரண்டையும் தனித்தனியே நிறுத்தி எது பெரிது என்று கேட்பதை அதனால்தான் நான் ஏற்கவில்லை.