பெரிய வீடு குழு: டர்பன் ரிக்‌ஷா

கார்த்திக்: [படம்]
தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை, இன்று சாயங்காலம்.

சித்ரா அத்தை: அம்மாடி! சாமியாடி மாதிரி நிற்கிறாரே. யாருப்பா இது?

கார்த்திக்: ரிக்‌ஷா இழுக்கிறவர் அத்தை. தலையில் மாட்டுக்கொம்பு, இறகு. நெஞ்சு முழுக்கப் பாசிமணி. காலில் வெள்ளை அடித்துக் கோடு கோடாக வரைந்திருக்கிறார், பெரிதாக்கிப் பாருங்கள்.

பெரியப்பா: ஜூலு இனப் போர்வீரர் உடை. அவர்கள் மன்னர் ஷாகா காலத்தது.

கார்த்திக்: இல்லை பெரியப்பா, இந்தத் தெருவிலேயே பிறந்த உடை. ரிக்‌ஷாவே இங்கே 1892இல்தான் வந்தது. மார்ஷல் கேம்பல் என்ற கரும்பு முதலாளி ஜப்பானிலிருந்து வரவழைத்தார். இழுப்பவர்களுக்கு முதலில் இருந்த சீருடை வெறும் காடாத் துணிதான். சட்டை, முழங்கால்வரை கால்சட்டை, ஓரத்தில் சிவப்புக் கரை.

கார்த்திக்: 1904 வாக்கில் பதிவான வண்டிகள் மட்டும் இரண்டாயிரம் இருக்கும். வண்டி பெரும்பாலும் முதலாளியுடையது, வாடகை கட்டியாக வேண்டும். இத்தனை பேருக்கு நடுவே சவாரி யாரிடம் வரும்? கண்ணில் படுகிறவரிடம்தான். ஒருவர் கொம்பு வைத்தால் அடுத்தவர் அதைவிடப் பெரிதாக வைத்தார்.

சித்ரா அத்தை: மணி கோத்தது வீட்டுப் பெண்களாகத்தான் இருக்கும்.

கார்த்திக்: பாசிமணி வேலை இங்கே பெண்கள் கைவேலைதான் அத்தை.

பெரியப்பா: அந்தக் கேம்பலா! மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டம். நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலியாக உழைத்த இடம். 1913 வேலைநிறுத்தத்தில் அங்கே துப்பாக்கிச்சூடே நடந்தது.

பெரியப்பா: இன்னொன்று. 1897 ஜனவரியில் காந்தி டர்பனில் இறங்கியபோது வெள்ளைக்காரக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. கூட வந்த வக்கீல் லாட்டன் ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். காந்திக்கு ரிக்‌ஷாவே பிடிக்காது, அதுவரை ஏறியதும் இல்லை. கடைசியில் அன்றும் ஏறவில்லை. அங்கிருந்த பையன்கள் மிரட்டியதில் ரிக்‌ஷாக்காரர் ஓடியே போய்விட்டார்.

பிரியா: அண்ணா, நீ ஏறினாயா? நம் ஊரில் கை ரிக்‌ஷாவை 1973இலேயே ஒழித்தாயிற்று.

கார்த்திக்: ஏறினேன். கைப்பிடியை அமுக்கி ஒரு எகிறு எகிறினார் பார், வண்டி பின்னால் சாய்ந்து என் கால் இரண்டும் மேலே போய்விட்டது! வண்டிக்குப் பின்னால் முட்டு இருக்கிறது, கவிழாது.

பிரியா: எனக்கென்னவோ ஒப்பவில்லை.

கார்த்திக்: எனக்கும் ஏறும்போது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் டிராமும் பஸ்ஸும் வந்த பிறகு வேலைக்குப் போக யாரும் இதில் ஏறுவதில்லை. சுற்றுலாக்காரர்கள்தான் சவாரி. மிச்சம் இருப்பதும் கொஞ்சம் பேர்தான்.

சித்ரா அத்தை: படத்துக்குக் காசு கொடுத்தாயா?

கார்த்திக்: கொடுக்காமலா! முதலில் காசு, அப்புறம்தான் படம். அதில் கறார்.

பெரியப்பா: நியாயம்தானே. சரி, ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வா. அங்கேயும் படம் எடுத்து அனுப்பு.