புவியியல், வரலாறு, ஆங்கில இலக்கியம்: படித்ததெல்லாம் நினைவிருக்கிறது, மார்க் மட்டும் வரவில்லை

இரவுப்பணி:

வணக்கம். எனக்கு 31 வயது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன். இப்போது தனித்தேர்வராக எழுதத் தயாராகிறேன். எடுத்திருப்பது புவியியல், வரலாறு, ஆங்கில இலக்கியம். கணக்கு எனக்கு வராது. இந்த மூன்றும் என்றால் மனப்பாடம் செய்தால் போதும் என்று எல்லாரும் சொன்னார்கள், நம்பிவிட்டேன். இரவு வேலை முடிந்து வந்து காலை ஐந்தரை முதல் ஏழு வரை படிக்கிறேன். அதற்கு மேல் கண் தாங்காது.

போன வாரம் மாதிரித் தேர்வு. ‘முதல் உலகப் போர் ஏன் மூண்டது?’ என்று 20 மதிப்பெண் கேள்வி. எனக்கு அத்துப்படியான பாடம். 1914 ஜூன் 28, சரயேவோ, காலையில் வீசிய குண்டு குறி தவறியது, அப்புறம் கார் தவறான தெருவில் திரும்பியது, 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது என்று மூன்று பக்கம் எழுதினேன். கிடைத்தது 6.

இலக்கியத்தில் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம். மக்பெத்தின் மனைவி லேடி மக்பெத் எப்படி மாறிப்போகிறாள் என்று கேட்டிருந்தார்கள். முதல் அங்கத்தில் தொடங்கி ஐந்தாம் அங்கம் வரை ஒன்று விடாமல் எழுதினேன். திருத்தியவர் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘கதை எனக்கும் தெரியும்.’ இரண்டு நாள் அந்தத் தாளைத் தொடவே மனசு வரவில்லை.

புவியியலில் சமஉயரக் கோட்டு வரைபடத்தில், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் படத்தில், பள்ளத்தாக்கைக் காட்டச் சொன்னால் மலைமுதுகைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. மனப்பாடத்துக்கு நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்புமை:

தம்பி, அந்த வரியை எழுதியது நான் இல்லை. ஆனால் அதே வரியை நானும் பல தாள்களில் எழுதியிருக்கிறேன், அதனால் அவருக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பணியில் இருந்தபோது தாள் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் மனப்பாடத்தில் ஒரு குறையும் இல்லை. கார் தெரு மாறியதுவரை நினைவு வைத்திருக்கும் ஆளுக்கு நான் என்ன வழி சொல்வது? கேட்டது ‘ஏன்’. நீங்கள் எழுதியது ‘என்ன நடந்தது’. வரலாற்றிலும் இலக்கியத்திலும் மதிப்பெண் ஒழுகியது ஒரே ஓட்டை வழியாகத்தான்.

சரயேவோவையே எடுங்கள். சுட்டது ஜூன் 28. ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாவுக்குக் கெடு வைத்தது ஜூலை 23. போர் அறிவித்தது ஜூலை 28. ஒரு துப்பாக்கிச் சூடுதான் போரைக் கொண்டுவந்தது என்றால் நடுவில் ஒரு மாதம் எதற்கு? உங்கள் விடை அந்த மாதத்துக்குள் இருக்கிறது. ஆஸ்திரியாவுக்குத் துணை நிற்பதாக ஜெர்மனி வாக்குக் கொடுக்கிறது. செர்பியாவுக்காக ரஷ்யா படை திரட்டுகிறது. ரஷ்யாவோடு பிரான்சுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. ஜெர்மனியின் திட்டமோ, சண்டை ரஷ்யாவோடு என்றாலும் முதலில் பெல்ஜியம் வழியாகப் போய் பிரான்சை அடிப்பது. பெல்ஜியத்துக்குள் படை நுழைந்ததும் ஆகஸ்ட் 4-ல் பிரிட்டனும் இறங்குகிறது. பிரின்சிப்புக்கு நான்கு வரி போதும். மற்ற இடமெல்லாம் இந்தச் சங்கிலிக்கு. ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘இது இல்லாவிட்டால்?’ என்று எழுதிவைத்துப் படியுங்கள்.

மக்பெத்துக்கு வருவோம். கணவன் மன்னனைக் கொன்ற கையோடு, கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் போய்விடும் என்கிறாள் அவள். அது இரண்டாம் அங்கம். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துகொண்டே கையைத் தேய் தேயென்று தேய்க்கிறாள், கறை போகவில்லை. நடுவில் உள்ள கதையை விட்டுவிட்டு இந்த இரண்டு கைகழுவலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பாதி விடை வந்துவிட்டது. மீதிப் பாதி அவள் பேசும் விதத்தில் இருக்கிறது. முதலில் கணவனின் கடிதத்தை வாசிப்பாளே, அதை விட்டுவிட்டால், அதுவரை செய்யுளிலேயே பேசுகிறவள் அவள். தூக்கத்தில் நடக்கும் காட்சியில் மட்டும் உரைநடை, அதுவும் துண்டு துண்டாக. மனம் சிதறியதை யாப்பைச் சிதறவிட்டே காட்டியிருக்கிறார் ஷேக்ஸ்பியர். இதைத் தாளில் பார்த்தால் எந்தத் திருத்துநரும் நிமிர்ந்து உட்காருவார்.

சமஉயரக் கோட்டுக்கு ஒரு பழைய வகுப்பறை வித்தை. இடது கையை முஷ்டியாக மடக்கி மேசைமேல் வையுங்கள். முட்டிகள் நான்கும் நான்கு சிகரம். பேனாவால் ஒவ்வொரு சிகரத்தையும் சுற்றி ஒரு வட்டம். அதற்குச் சற்றுக் கீழே, ஒரே மட்டத்தில், நான்கையும் சேர்த்துச் சுற்றி இன்னொரு கோடு. அதற்கும் கீழே இன்னொன்று. மட்டம் மாறக்கூடாது, அதுதான் முக்கியம். இரண்டு விரலுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் கோடு மேட்டை நோக்கி உள்ளே வளைவதையும், விரலின் முதுகில் வெளியே புடைப்பதையும் நீங்களே பார்ப்பீர்கள். இனிக் கையை விரியுங்கள், வரைபடம். வளைவின் கூர்முனை மேட்டைக் காட்டினால் பள்ளத்தாக்கு, பள்ளத்தைக் காட்டினால் மலைமுதுகு.

அரைமதிப்பெண்:

டீச்சர் சொன்ன ‘ஏன்’ சரி. ஆனால் அளவு தெரியாமல் ஏன் ஏன் என்று போய் அடிபட்டவன் நான், அதனால் ஒரு வார்த்தை.

மக்பெத் படிக்கும்போது வரலாற்றையும் சேர்த்துப் படித்தேன். ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் 1603-ல் இங்கிலாந்துக்கும் மன்னராகிறார். 1605-ல் நாடாளுமன்றத்தோடு சேர்த்து அவரை வெடிவைத்துத் தகர்க்கச் சதி நடந்து பிடிபடுகிறது. நாடகத்தில் மக்பெத்தின் தோழனாக வரும் பாங்க்வோ இவருடைய மூதாதை என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. ஷேக்ஸ்பியர் கதை எடுத்த வரலாற்று நூலில் பாங்க்வோவும் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அவன் கை சுத்தம். ராஜாவின் பாட்டனாரைக் கொலைகாரனாக மேடையேற்ற முடியுமா? எனக்கு ஒரே குஷி. தேர்வில் இதையே ஒன்றரைப் பக்கம் கொட்டினேன்.

கேள்வி என்னவோ சூனியக்காரிகளின் பேச்சைப் பற்றி. கேட்காத கேள்விக்கு யார் மார்க் போடுவார்கள்? பாங்க்வோ பற்றிக் கேட்டால் இதை இரண்டு வரியில் வையுங்கள். இல்லையென்றால் வாயைத் திறக்காதீர்கள்.

இரவுப்பணி:

இரண்டு பேருக்கும் நன்றி. டீச்சர், நேற்று இடைவேளையில் கையில் மலை வரைந்தேன். புரிந்துவிட்டது! ஆனால் அழியாத மை பேனாவாகப் போய்விட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கை கழுவும் இடத்தில் நின்றபோது லேடி மக்பெத் நினைப்புதான். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து ‘கையில என்னப்பா’ என்றார், மலை என்றேன்.

இன்னொரு சந்தேகம். தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனம் கடலை ஒட்டியே இருக்கிறது. அப்புறம் எப்படிப் பாலைவனம்? புத்தகத்தில் ‘குளிர் நீரோட்டத்தின் காரணமாக’ என்று ஒற்றை வரி. அதை மனப்பாடம் செய்திருக்கிறேன், ஆனால் இப்போது அந்த ‘ஏன்’ அரிக்கிறது.

சிவப்புமை:

அரிக்கட்டும், நல்லதுதான்.

மழை வேண்டுமென்றால் ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர வேண்டும். நமீப் கரையோரம் ஓடும் பெங்குவேலா நீரோட்டம் குளிர்ந்த நீர். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அடியிலேயே குளிர்ந்து கனத்துவிடுகிறது. கனத்த காற்று ஏன் மேலே ஏறும்? தரையோடு படுத்துக் கிடக்கும். போதாததற்கு அந்த அட்சரேகையில் மேலிருந்து காற்று கீழே இறங்கி மூடிபோட்டதுபோல அமுக்குகிறது. அதனால் மூடுபனி வரும், மழை வராது. அங்கே ஒரு வகை வண்டு விடிகாலையில் மணல்மேட்டில் ஏறித் தலையைக் கீழே கவிழ்த்து நிற்கும். முதுகில் படிந்த மூடுபனி துளியாக உருண்டு வாய்க்கு வரும். விடையில் அந்த வண்டை எழுத வேண்டாம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டு வந்தால் மூடுபனி வரும், மூடுபனி வந்தால் குளிர் நீரோட்டம் வந்துவிடும்.

இனி தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனம் உங்கள் பொறுப்பு. அங்கே ஹம்போல்ட் நீரோட்டம், கிழக்கே ஆண்டீஸ் மலையும் நிற்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு எழுதி இங்கே போடுங்கள், ஆறு வரிக்குள். சாதாரண பேனாவால், தாளில்.