இரண்டு ஏஎஸ்/400க்கு நடுவே இந்தப் பிசி எதற்கு?

கஞ்சிக்கோட்டுக்காரன்:
வணக்கம். கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் சிஸ்டம் பார்க்கிறேன். இங்கே ஒரு ஏஎஸ்/400, கோவைத் தலைமை அலுவலகத்தில் இன்னொன்று. (ஐபிஎம்மின் அலுவலக சர்வர் கம்ப்யூட்டர் அது; எத்தனை தடவை பெயர் மாற்றினாலும் எங்களுக்கு ஏஎஸ்/400தான்.) இரவு 11 மணிக்கு ஐஎஃப்எஸ்ஸில் (மெஷினுக்குள் கோப்புகள் இருக்கும் இடம்) விழும் ஸ்டாக் சிஎஸ்வி கோப்பு, விடிவதற்குள் அங்கே போயாக வேண்டும். இப்போது ஒரு பிசி நெட்சர்வர் ஷேரில் (பிசிக்குத் தெரியும்படி ஏஎஸ்/400 பகிரும் ஃபோல்டர்) இருந்து அதை எடுத்து, கோவை ஷேரில் போடுகிறது. மழை பிடித்ததும் கரண்ட் போகும், பிசி அணையும்; ஏஎஸ்/400 யூபிஎஸ்ஸில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். போன வாரம் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ் ஏறினேன். கேரள எல்லையில், வாளையாரில் வணிகவரிச் செக்போஸ்ட் 2017இல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது. என் கோப்பு மட்டும் இன்னும் அங்கே வரிசையில் நிற்கிறது. நேரே அனுப்ப வழி உண்டா?

பழைய ஆபரேட்டர்:
தம்பி, வழி உங்கள் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. கியூஃபைல்எஸ்விஆர்.400 என்று ஒரு ஃபைல் சிஸ்டம். அதற்குள் கோவை மெஷின் பெயரில் ஒரு டைரக்டரி உண்டாக்குங்கள். அங்குள்ள ஐஎஃப்எஸ் அதன் கீழே தெரியும். அப்புறம் கோப்பை நகலெடுக்கும் சாதாரண சிபிஒய் கட்டளை போதும். கோவையில் ஃபைல் ஹோஸ்ட் சர்வர் (கோப்புகளை வெளியே கொடுக்கும் சேவை) ஓட வேண்டும், ஃபயர்வாலில் 8473ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும், சிஎஃப்ஜிடிசிபி என்ற நெட்வொர்க் கட்டளையின் 10ஆவது ஆப்ஷனில் கோவை மெஷினின் பெயரும் ஐபி முகவரியும் இருக்கட்டும். எல்லோரும் கோட்டை விடுவது வேறு இடத்தில்: ஜாப் எந்த யூசரில் ஓடுகிறதோ, அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

நொய்யல்கரை:
அதற்கென்று தனி யூசர் போட்டுவிடுங்கள். சொந்த யூசரில் ஓட்டினால், ஒரு பக்கம் பாஸ்வேர்டை மாற்றிய இரவே படுத்துவிடும். லைப்ரரி (புரோகிராமும் டேட்டாவும் சேர்ந்த தொகுப்பு) அனுப்ப வேண்டி வந்தால் சேவ் ஃபைல் என்ற பேக்கப் கோப்பில் போட்டு எஃப்டிபியில் அனுப்பலாம். பைனரி மோட் கொடுக்க மறந்தால் எபிசிடிக் (ஏஎஸ்/400இன் எழுத்துக் குறியீடு), ஆஸ்கி (பிசியின் எழுத்துக் குறியீடு) என்று மாற்றிப் பிசைந்துவிடும், கோவையில் ரீஸ்டோர் ஆகாது. நான் ஒருமுறை அப்படி விடிய விடிய உட்கார்ந்தவன்.

கஞ்சிக்கோட்டுக்காரன்:
அண்ணா, வியாழன் முதல் சனி வரை அருமையாகப் போனது. ஞாயிறு இரவு போகவில்லை. டைரக்டரியே இல்லை என்கிறது! யாரும் தொடவில்லை.

பழைய ஆபரேட்டர்:
ஞாயிறு ஐபிஎல், அதாவது மெஷின் ரீஸ்டார்ட், போட்டீர்களா?

கஞ்சிக்கோட்டுக்காரன்:
ஆமாம், மத்தியானம்.

பழைய ஆபரேட்டர்:
அதான். ஐபிஎல் ஆனால் அந்த டைரக்டரி நிற்காது. இரவில் ஓடும் சிஎல் புரோகிராமில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டுவது) சிபிஒய்க்கு முன், டைரக்டரியை உண்டாக்கும் எம்கேடிர் வரியைச் சேருங்கள். ஏற்கெனவே இருந்தால் பிழை வரும். அதைப் பிழை பிடிக்கும் மான்எம்எஸ்ஜி கட்டளையில் விழுங்கிவிடுங்கள்.

கஞ்சிக்கோட்டுக்காரன்:
சேர்த்துவிட்டேன், ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டினேன். நேற்று ராத்திரி இரண்டு தடவை கரண்ட் போச்சு. பிசி செத்துக் கிடந்தது. கோப்பு 11.04க்குக் கோவையில்.