முள் கடிவாளத்தில் பழகிய குதிரைக்கு எந்த பிட் (வாய்க்குள் போகும் கடிவாளக் கம்பி) மாற்றலாம்?

வணக்கம். அந்தியூர் சந்தையில் வாங்கிய மார்வாரி கலப்பு பெண் குதிரை, நான்கு வயது. முன்பு முள் கடிவாளத்தில் ஓட்டியிருக்கிறார்கள். வாயோரத்தில் தோல் தடித்துத் தழும்பாகிவிட்டது. வாரைத் தொட்டாலே தலையைத் தூக்கி வாயைப் பிளக்கிறது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. முள் வைத்த கடிவாளத்தை, வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கான 1965 வதைத் தடுப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன; இன்னும் கடைகளில் தொங்குகிறது!

இப்போது ஸ்நாஃபிளுக்கு (நெம்புகோல் இல்லாமல் வார் நேராக இழுக்கும் பிட்) மாற்றப் போகிறேன். நூல் வைத்து அளந்ததில் வாய் 12 செ.மீ., அதனால் 12.5 அளவு பார்க்கிறேன். ஒரே மூட்டு உள்ளது இழுக்கும்போது மடங்கி நாக்கை நெருக்கும், சில குதிரைகளுக்கு மேலண்ணத்திலும் இடிக்கும். நடுவில் சின்னத் துண்டு வைத்த இரட்டை மூட்டு இதற்குப் பரவாயில்லையா? கர்ப் (நெம்புகோல் போல அழுத்தும் பிட்) வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தம் இந்த வாய்க்கு ஆகாது.

அல்லது தழும்பு ஆறும்வரை பிட் இல்லாமல் மூக்குப்பட்டையில் வார் கட்டும் சைடுபுல் போட்டு ஓட்டலாமா? மைதானத்துக்குள் மட்டும்தான் ஏறுகிறேன். ஓநாய்ப்பல் (கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் சின்னப் பல், பிட் அதில் இடிக்கலாம்) இருக்கிறதா என்று பார்க்க, குதிரைப் பல் தெரிந்த மருத்துவர் ஈரோடு, கோவைப் பக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கான்பூர் தயாரிப்பில் நல்ல இரட்டை மூட்டு வாங்கியவர்கள் அனுபவத்தைப் பகிருங்களேன்.