ஹன்ஸ் மோசர் ஏன் சொற்களை விழுங்கிப் பேசுகிறார்?

கேள்வி:
ஹன்ஸ் மோசர் நடித்த ஆஸ்திரியப் படங்களை அண்மைக்காலமாக வரிசையாகப் பார்த்துவருகிறேன். ஜெர்மன் மொழியை ஓரளவு கற்றிருந்தும், அவர் சொற்களைப் பாதியிலேயே விழுங்கிவிடுவதால் பல இடங்கள் எனக்குப் பிடிபடவில்லை. இது அவருடைய இயல்பான பேச்சா, பயின்று அமைத்துக்கொண்ட நடிப்பா? 1880இல் பிறந்தவர் ஐம்பது வயதைக் கடந்த பிறகே திரையில் பெரும்புகழ் பெற்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில் 1:
உண்டு என்றே கருதுகிறேன். யோஹான் யூலியர் என்ற இயற்பெயர் கொண்ட அவர், தம் ஆசிரியர் யோசப் மோசரின் பெயரை ஏற்றுக்கொண்டு, பல ஆண்டுகள் ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுக்களில் சிறு வேடங்களில் உழன்றார். 1925இல் புகழ்பெற்ற நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் அவரை வியன்னாவின் யோசப்ஸ்டாட் நாடக அரங்கிற்கு அழைத்துக்கொண்டார். ஊமைப்படங்களிலும் அவர் நடித்ததுண்டு. ஆனால் ஓயாமல் அலையும் அந்தக் கைகளுக்கு விளக்கம் தருவதே அவருடைய குரல்தான் என்பதால், பேசும் படம் வந்த பின்னரே திரை அவரை முழுமையாகப் பெற்றது. 1934இல் வெளிவந்த 'மாஸ்கெராடே' படத்தில் தோட்டக்காரராக வரும் காட்சிகளைப் பாருங்கள்.

பதில் 2:
அது நடிப்பேதான். சுமைதூக்கியாக வந்து பெரிய பெட்டியோடு மல்லாடும் அவருடைய மேடைக் காட்சி, 1952இல் நடிகர் பவுல் ஹோர்பிகருடன் நடித்த 'ஹலோ டீன்ஸ்ட்மன்' படத்திலும் இடம்பெற்றது. தூக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாதவனின் வாக்கியம் எப்படி முடியும்? கோபமும் இயலாமையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் சொல் உடைகிறது. அந்த இடங்களில் பொருளைத் தேடாமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் கேளுங்கள்.

பதில் 3:
அவரைச் சிரிப்பு நடிகராக மட்டும் நினைவில் வைத்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. யூதர்களை வெளியேற்றும் ஒரு நகரத்தைப் பற்றி 1924இல் எடுக்கப்பட்ட ஊமைப்படத்தில், யூத வெறுப்பில் ஊறிய அரசியல்வாதியாக நடித்தவர் அவர்தான். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது, யூதரான அவருடைய மனைவி பிளாங்காவுக்கே அந்த நிலை வந்தது. மனைவிக்காக ஹிட்லருக்கே கடிதம் எழுதினார்; சிறப்பு அனுமதியோடு தொடர்ந்து நடித்தார்; மனைவியோ புடாபெஸ்ட் சென்று வாழ நேர்ந்தது. போர் முடிந்த பின்னரே இருவரும் மீண்டும் சேர்ந்தனர். அந்த ஆண்டுகளில் அவர் மக்களைச் சிரிக்கவைத்த படங்களை இதை அறிந்த பிறகு என்னால் முன்புபோலப் பார்க்க முடியவில்லை. 1924ஆம் ஆண்டுப் படத்தின் காணாமற்போன பகுதிகள் அடங்கிய பிரதி ஒன்று 2015இல் பாரிஸ் நகரப் பழம்பொருள் சந்தையில் கிடைத்து, இப்போது சீரமைக்கப்பட்டுள்ளது. அவருடைய குரல் இல்லாத நடிப்பு எப்படியிருந்தது என்று அறிய அதையும் பாருங்கள்.