வண்டலூர் ஜூவுக்கு பசங்கள கூட்டிட்டு போறேன், இந்த தடவையாவது ஏதாவது கத்துக்கணும்

சயின்ஸ்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்குறேன், அடுத்த மாசம் 42 பசங்கள வண்டலூருக்கு கூட்டிட்டு போறோம். போன வருஷமும் போனோம் ஆனா எனக்கு மனசே ஆறல. உள்ள போனதும் யானை பாத்தாச்சு சிங்கம் பாத்தாச்சு நீர்யானை பாத்தாச்சுன்னு ஓட்டமா ஓடி மத்தியானம் புளிசாதத்த பிரிச்சு சாப்ட்டு பஸ் ஏறிட்டோம், மறுநாள் கிளாஸ்ல கேட்டா மிருகத்தோட பேர தாண்டி யாருக்கும் சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு பொண்ணு மட்டும் "மிஸ், அந்த முதலை ஏன் வாயப் பொளந்துகிட்டே இருந்துச்சு, ஆடவே இல்லயே"ன்னு கேட்டா. எனக்கு சரியா சொல்லத் தெரியல. அந்த மாதிரி கேள்வி 42 பேருக்கும் வரணும், அதுக்கு என்ன பண்ணலாம்?

ஈசிஆர்வாசி:
டீச்சர், அந்த பொண்ணு கேட்டது சரியான கேள்வி. நான் வடநெம்மேலி முதலைப் பண்ணைல கொஞ்ச நாள் வாலண்டியரா பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லிட்டு இருந்தேன், தினமும் இத கேப்பாங்க. முதலைக்கு நம்மள மாதிரி வேர்க்காது. வெயில்ல படுத்து உடம்பு சூடானதும் வாயத் திறந்து வச்சுக்கும், வாய்க்குள்ள இருக்க ஈரம் காத்துல காய காய சூடு இறங்கும். கோவமா இருக்குன்னு நினைக்கிறவங்க உண்டு, பொம்மைன்னு கல்ல விட்டு எறியுறவங்களும் உண்டு, அத பாக்கும்போதுதான் வயிறு எரியும்.

இன்னொண்ணு, உங்க பத்தாவது பாடத்துல ஆணா பெண்ணான்னு முடிவு பண்ற குரோமோசோம், எக்ஸ் எக்ஸ்னா பெண், எக்ஸ் ஒய்னா ஆண்னு வருது இல்ல? முதலைக்கு அந்த கணக்கே கிடையாது. முட்டை இருக்க குழியோட சூடுதான் ஆணா பெண்ணான்னு முடிவு பண்ணும். சதுப்புநில முதலை முட்டைய 28ல இருந்து 31 டிகிரி வரைக்கும் ஒரே சூட்டுல வச்சா எல்லாமே பெண், 32.5 வச்சா ஆண். இத கண்டுபிடிச்சு 1989ல வெளியிட்ட ஆராய்ச்சி 1976ல ஆரம்பிச்ச இதே பண்ணைல நடந்ததுதான். ஒன்றரை டிகிரி வித்தியாசம்! நான் இத சொல்லும்போது சும்மா போன்ல கேம் ஆடிட்டு இருந்த பசங்க கூட நிமிர்ந்து பாப்பாங்க.

காட்டுப்பூச்சி:
எனக்கு இதுல உடன்பாடு இல்லங்க. அடைச்சு வச்ச மிருகத்த காட்டி அறிவியல் சொல்லிக் குடுக்க முடியாது. இருக்குறதுலயே அதிக கூட்டம் வெள்ளைப் புலி முன்னாடிதான் நிக்கும், அது ஏதோ தனி இனம் அழியப் போகுதுன்னு நினைச்சுட்டு வீட்டுக்கு போறாங்க. தப்பான பாடம் அது. அதுக்கு பசங்கள ஏரிக்கரைக்கு கூட்டிட்டு போய் கொக்கும் நாரையும் காட்டுங்க.

பழைய_பயாலஜி:
காட்டுப்பூச்சி சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, ஏரிக்கரைக்கும் போகணும். ஆனா அந்த வெள்ளைப் புலியவே பாடமா ஆக்கலாமே. அது நம்ம வங்கப் புலிதான், ஒடுங்கு ஜீன் ஒண்ணு அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இருந்து வந்தா அந்த நிறம். 1951ல மத்தியப் பிரதேசத்து ரேவா காட்டுல புடிச்ச மோகன்னு ஒரு வெள்ளைப் புலிய அதோட மகள் ராதாவோட சேத்து 1958ல வெள்ளைக் குட்டிங்கள வரவச்சாங்க. நெருங்கின சொந்தத்துக்குள்ளயே சேத்ததால என்னென்ன குறை வரும்னு பசங்கள யோசிக்க விடுங்க. மெண்டல் பட்டாணிச் செடிய விட இது மனசுல நிக்கும்.

அப்புறம் டீச்சர், எல்லாத்தையும் பாக்கணும்னு ஓடாதீங்க, சோலைமந்தி ஒண்ணு போதும். அஞ்சு அஞ்சு பேரா பிரிச்சு ஒரு குரங்க தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க, ஒருத்தன் வாட்ச் பாக்கணும், நிமிஷத்துக்கு ஒரு தடவை அது என்ன பண்ணுதுன்னு ஒருத்தன் சொல்ல இன்னொருத்தன் எழுதணும், 20 நிமிஷம். சாப்பாட்ட மெல்லாம கன்னப் பைல அடைச்சுக்குறது, ஒண்ணுக்கு ஒண்ணு பேன் பாக்குறது எல்லாம் அப்பதான் கண்ணுல படும். வால்பாறை பக்கம் மழைக்காட்டுல மரத்துக்கு மரம் தாவி பழம் தேடுற குரங்கு இது. அடைப்புக்குள்ள ஏதாவது ஒரு மிருகம் ஒரே தடத்துல சுத்தி சுத்தி நடந்தா அதையும் எழுதச் சொல்லுங்க, மறைக்க வேண்டாம். அது ஏன் அப்படி நடக்குதுங்குறதும் அறிவியல்தான்.

காட்டுப்பூச்சி:
கடைசியா சொன்னத செஞ்சா எனக்கு ஆட்சேபம் இல்ல.

சயின்ஸ்_டீச்சர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். முதலை, வெள்ளைப் புலி, சோலைமந்தி மூணு மட்டும்னு ஹெச்.எம். கிட்ட சொல்லப் போறேன், "அவ்வளவு தூரம் போய் மூணு மிருகமா"ன்னு கேப்பாரு, பரவால்ல பேசிக்கிறேன். அந்த பொண்ணு இப்ப என் கிளாஸ்ல இல்ல, லெவன்த் போயிட்டா, நாளைக்கு கூப்ட்டு முதலை வாய் விஷயத்த சொல்லணும். 42 பேரும் ஒரே இடத்துல நிக்க நிழல் இருக்குமா?

ஈசிஆர்வாசி:
காலைல கேட் திறந்ததும் உள்ள போயிடுங்க, வெயில் ஏறுறதுக்குள்ள குரங்க முடிச்சுடலாம். முதலைக்கு நல்லா வெயில் ஏறின அப்புறம் போங்க, அப்பதான் வாயத் திறக்கும். செவ்வாய்க்கிழமை ஜூ லீவு, நாள் பாத்து வைங்க.