பாமினியில் தட்டச்சான கூத்துப் பாடல்களை இணையத்தில் ஏற்றுவது எப்படி?

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். நான் கிளிநொச்சியில் இருந்து இணையத்தளங்கள் அமைத்துக் கொடுத்து வருகிறேன். விடுதிக்கு முன்பதிவுப் பக்கம், அரிசி ஆலைக்குக் கணக்குத் தளம் என்று பகல் வேலை போகும். அவற்றிற் பல தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கேட்கப்படுபவை என்பதால் எழுத்துருச் சிக்கல்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் இரவில் எனக்காகச் செய்துவரும் ஒரு வேலையில் தடுமாறி நிற்கிறேன்.

என் அம்மப்பா முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். அவருடைய கொப்பியை 2003இல், சமாதான காலத்தில், மாமா பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, வெளிநாட்டில் இருந்த சித்திக்கு அனுப்பியிருந்தார். 2009 இடப்பெயர்வில் கொப்பி போய்விட்டது. சித்தியிடம் இருந்த வேர்ட் கோப்பும், அம்மப்பா பாடிய ஒரு மணி நேர ஒலிநாடாவும் மட்டுமே மிஞ்சின. இவற்றை ஒரு தளமாக ஆக்க விரும்புகிறேன்.

பாமினியை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித் தரும், இணையத்திற் கிடைத்த மாற்றியில் கோப்பை இட்டபோது பல சொற்கள் சிதைந்து வந்தன. அதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. அம்மப்பா எங்கும் 'கண்ணகை' என்றே பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்திற் படித்த பிள்ளை 'கண்ணகி' என்று தேடினால் ஒரு வரியும் கிடைக்காது. தேடலுக்காக அவருடைய சொல்லைத் திருத்துவது சரியா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மறுமொழி 1 (வவுனியா)

தம்பி, முதலிற் சிதைவைப் பார்ப்போம். பாமினிக் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே தட்டச்சுச் செய்வதால் 'கெ' என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் இருக்கும். ஒருங்குறியில் ககரம் முன்னும் கொம்பு பின்னும் சேமிக்கப்பட வேண்டும். பெரும்பாலான மாற்றிகள் இதைச் சரியாகவே செய்கின்றன. அவை சறுக்குவது ஔகார வரிசையில். பாமினியில் 'கௌ' எழுத, கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்று விசைகளை அழுத்துகிறோம். எனவே 'வெளி' என்ற சொல்லின் முதல் மூன்று விசைகளைக் கண்ட மாற்றி அதை 'வௌ' என்று முடிவு கட்டி, மிஞ்சிய இகரக் குறியை அதன்மேல் ஒட்டிவிடுகிறது. நம் நாட்டுச் செய்தித் தளங்களில் 'வெளியீடு' என்ற சொல் பிழைபட்டு வருவதை நீங்கள் நாளும் கண்டிருப்பீர்கள். அதன் வேர் இதுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வருவது தமிழில் நடவாத காரியம். ஆகவே அப்படி வரும் இடங்களை ஒரு தேடற்கோவையால் (ரெகெக்ஸ்) பிடித்து, ஔகாரக் குறியை எகரக் குறியாகவும் ளகரமாகவும் பிரித்துவிடுங்கள். 'தெளிவு', 'வெள்ளி', 'வெள்ளம்' எல்லாம் இதில் நேராகிவிடும். குறி எதுவும் தொடராத இடங்கள் சிலவே மிஞ்சும். அவற்றைக் கண்ணாற் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பிறகு முழுப் பாடத்தையும் ஜாவாஸ்கிரிப்ட்டின் 'நார்மலைஸ்' செயற்பாட்டில் ஒருமுறை செலுத்துங்கள். ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், எகரக் குறியும் ஆகாரக் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம்; திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடலோ இரண்டையும் வேறாகக் கொள்ளும்.

பாத்திரங்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்குவீர்களானால் வெறும் குறியீட்டு ஒழுங்கை நம்ப வேண்டாம். அதில் னகரம் நகரத்தின் பின்னும் றகரம் ரகரத்தின் பின்னும் வந்து நிற்கும். ஒப்பிடும்போது மொழியைத் தமிழ் என்று குறிப்பிட்டால் உலாவி நம் நெடுங்கணக்கின்படியே அடுக்கும்.

மறுமொழி 2 (முள்ளியவளை)

நான் கணினி அறிந்தவன் அல்லேன். ஓய்வுபெற்ற ஆசிரியன், இளமையில் மாதவி வேடம் கட்டியவன். தம்பி, 'கண்ணகை' என்பதைத் தயவுசெய்து மாற்றி விடாதீர்கள். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்துவந்து, எங்கள் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்து, பின்னர் வற்றாப்பளைக்குப் போகும் சனத்தின் வாயில் அவள் கண்ணகைதான். பாடிப் பார்த்தாலும் வேறுபாடு புலப்படும். இழுத்து நிறுத்தும் இடத்தில் 'கை' நிற்கும், 'கி' நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொப்பியில் அண்ணாவியார் தமக்குத் தேவையானதை மட்டுமே எழுதுவார். எது விருத்தம், எது தரு (ஆட்டத்துக்குரிய தாளப் பாட்டு), எது வசனம் என்பது அவருக்குத் தெரியும், ஆகவே சில இடங்களிற் குறித்திருக்க மாட்டார். பிற்பாட்டுக்காரர் எந்த அடியைத் திருப்பி எடுப்பார் என்பதோ, மத்தளம் எங்கே மாறும் என்பதோ பெரும்பாலும் கொப்பியில் இராது. அவை ஒலிநாடாவிலும், உங்கள் அம்மப்பாவுடன் ஆடிய முதியவர்களின் நினைவிலும்தான் இருக்கும். முல்லை மோடி என்னும் எங்கள் பகுதிக் கூத்துப் பாணிக்கென்று ஓர் இழுவை உண்டு. எழுத்தை மட்டும் ஏற்றினால் அது வேறு ஊர்க்கூத்தாகவே படிக்கப்படும். ஒலியை முதலில் வைத்து, எழுத்தை அதற்குத் துணையாக வையுங்கள்.

மறுமொழி 3 (மல்லாவி)

ஆசிரியர் ஐயா சொன்னதையே தரவுத்தளத்துக்கும் விதியாகக் கொள்ளலாம். ஒவ்வோர் அடிக்கும் இரண்டு புலங்கள் வையுங்கள். ஒன்றில் அண்ணாவியார் பாடியபடியே பாடம். அதை எந்த நிரலும் தொடக்கூடாது. மற்றதில் தேடலுக்கான வடிவம். ணகர, நகர, னகரங்களை ஒன்றாகவும், ரகர, றகரங்களை ஒன்றாகவும், லகர, ளகர, ழகரங்களை ஒன்றாகவும் மடித்து வையுங்கள். தேடுபவர் தரும் சொல்லையும் அதே முறையில் மடித்த பின்னரே ஒப்பிட வேண்டும். ஆனால் 'கண்ணகை'யும் 'கண்ணகி'யும், நெல் அறுவடையைக் குறிக்கும் 'அருவி வெட்டு'ம் 'அரிவி வெட்டு'ம் உயிரில் வேறுபடுபவை. மடிப்பு அவற்றைப் பிடிக்காது. அதற்குக் கையால் ஒரு சொல்லட்டவணை செய்யத்தான் வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் அந்த அட்டவணையே நாளை வன்னி வழக்குக்கு ஒரு சிறு அகராதியாக நிற்கும் என்பதால் அதை நான் விரும்பிச் செய்வேன்.

ஒலியைப் பொறுத்தவரை, நாடாவை முதலிற் சுருக்காத கோப்பாகவே பதிந்து பாதுகாத்துக்கொள்ளுங்கள். குறுந்தட்டுத் (சீடி) தரத்தில், இருதட ஒலியில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 635 மெகாபைட் வரும். தளத்துக்கு ஓபஸ் என்னும் சுருக்கிய ஒலி வடிவில், ஒற்றைத் தடமாக, நொடிக்கு 32 கிலோபிற் வீதம் வைத்தால் அதே ஒரு மணி நேரம் 14 மெகாபைட் அளவில் அடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் கைத்தொலைபேசித் தரவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்கள் கேட்க வேண்டுமென்றால் இது முக்கியம். மத்தளம் மங்கிக் கேட்டால் மட்டும் வீதத்தைச் சற்றுக் கூட்டுங்கள். ஒவ்வோர் அடியும் தொடங்கும், முடியும் நேரங்களை வெப்விடிடி என்னும் வரித்தலைப்புக் கோப்பில் எழுதி, அதைப் படிக்கும் சிறு நிரலொன்றையும் சேர்த்தால், பாடப்படும் அடி திரையில் ஒளிரும்.

கேட்டவர் (கிளிநொச்சி)

மூவருக்கும் நன்றி. வவுனியா அண்ணா சொன்ன ஔகாரத் திருத்தத்தை நேற்றிரவே ஓட்டினேன். முதற் பக்கத்திற் சிதைந்திருந்த சொற்கள் எல்லாம் நேராகிவிட்டன. 'கண்ணகை' அப்படியே இருக்கும். சொல்லட்டவணையின் முதல் வரியாக அதையே எழுதியிருக்கிறேன். ஆசிரியர் ஐயா, அம்மப்பாவுக்குப் பிற்பாட்டுப் பாடிய ஒருவர் தண்ணீரூற்றில் இருக்கிறார் என்று அம்மா சொல்கிறார். வரும் சனிக்கிழமை ஒலிநாடாவின் பிரதியோடு அவரைப் பார்க்கப் போகிறேன். அன்று உங்களுக்கு வசதிப்பட்டால் வழியில் உங்களையும் ஏற்றிக்கொண்டு போக விரும்புகிறேன். எந்த அடியில் மத்தளம் மாறுகிறது என்பதைக் கேட்டுக் குறிக்க எனக்குத் தெரியாது.